கம்பளிக் கணக்கும், பூட்டிக் கிடக்கும் நம் வீடுகளும்

அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

இரண்டு மாத விடுப்பு முடிந்து போன வாரம்தான் மஸ்கட் திரும்பினேன். வீடில்லாமல் தெருவில் படுப்பவர்களுக்குக் கம்பளி கொடுக்க, ஊரை விட்டு வெளியே இருக்கும் நாம் திரட்டிய பணத்தின் கணக்கைத் தனித் தாளாக இணைத்திருக்கிறேன். 120 கம்பளி வாங்கினோம், 112 கொடுத்தோம், மீதி எட்டும் அம்மாவின் பீரோவில் இருக்கின்றன. கணக்கைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். கம்பளி கொடுக்கப் போன இடத்தில் பார்த்ததையும் கேட்டதையும் சொல்லத்தான் இந்த மடல். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

மார்கழிக் கடைசி. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் தொடங்கி, ஐந்து ரோடு வழியாக ஜங்ஷன் வரைக்கும் போனோம். நான், மாமா பையன், ஊர் மகளிர் குழுவிலிருந்து இரண்டு அக்காமார், அப்புறம் ஓய்வு பெற்ற நம்ம தலையாரி ஐயா. வேலையில் இருந்தபோதே அவருக்குக் கிராம உதவியாளர் என்று பெயர் மாறிவிட்டது, ஆனாலும் நமக்கு அவர் தலையாரி ஐயாதான்.

பேருந்து நிலையத்தில் ஒரு கடை ஷட்டரில் சாய்ந்தபடி ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிருக்கும். மடியில் ஒரு பச்சை வயர் கூடை. கூடையின் கைப்பிடியைப் புடவைக் கரைத் துணியால் தன் மணிக்கட்டோடு சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தார். தூங்கும்போது யாரும் உருவிக்கொண்டு போகாமல் இருக்க. நான் கம்பளியை நீட்டினேன். வாங்கிக்கொண்டு தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“போன மார்கழியிலயும் ஒருத்தங்க குடுத்தாங்க சாமி. பகல்ல இத எங்க வெக்கிறது? தூக்கிக்கிட்டே எத்தன நாளு நடக்கிறது? குளிக்கப் போயிட்டு வந்து பாத்தா காணோம். வெக்க ஒரு எடம் இருந்தாச் சொல்லு, வாங்கிக்கறேன்.”

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. குழு அக்கா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார். ஏற்காட்டு மலையில் காப்பித் தோட்டத்தில் முப்பது வருசத்துக்கு மேல் வேலை செய்தவராம். கார்த்திகை, மார்கழியில் பழம் பறிப்பு, அப்புறம் மிளகு, மற்ற மாதங்களில் களை, கவாத்து. கல்யாணமாகிப் போன நாளிலிருந்து தோட்டத்து லைன் வீடுதான் (தொழிலாளர்களுக்கான வரிசை வீடு) வீடு. வீட்டுக்காரர் இறந்தார். ஒரே மகள் கட்டிக்கொடுத்த இடத்தில் பிரசவத்தில் போய்விட்டாள். இவருக்கு முட்டி வலி வந்து கூடை தூக்க முடியாமல் வேலையை விட்டதும், வீட்டையும் விட வேண்டியதாயிற்று.

இது ஏதோ ஒரு தோட்டத்தின் கொடுமை என்று நினைத்துவிடாதீர்கள். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு கொடுக்க வேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தியது. நல்ல சட்டம்தான். ஆனால் அந்த வீடு வேலையோடு ஒட்டியது, ஆளோடு ஒட்டியதல்ல. கை கால் ஓயும் வயதில், அதாவது வீடு மிகவும் தேவைப்படும் வயதில், சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். அதற்குள் சமவெளியில் ஒரு செண்ட் இடம் வாங்கி வைத்தவர்கள் தப்பித்தார்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பி வந்து ஏறக்குறைய இருநூறு வருசம் ஆகிறது. அங்கே உழைத்து ஓய்ந்தவர்களில் எத்தனை பேர் இப்படிக் குப்பனூர் பாதையில் பஸ் ஏறி இறங்கி வந்திருப்பார்கள் என்று அந்த ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பாதை நம் ஊர் வழியாகத்தானே போகிறது. சின்ன வயதில் அந்த பஸ்ஸைப் பார்த்துக் கை காட்டிக்கொண்டே நின்றிருக்கிறோம்.

அவருக்கு முதியோர் உதவித்தொகை வந்துகொண்டிருந்ததாம். மாதம் 1000 ரூபாய் இருந்தது 2023-இல் 1200 ஆனது நினைவிருக்கும். இவருக்கு 1200 கைக்கே வரவில்லை. அதிகாரிகள் விசாரணைக்குப் போனபோது அந்த முகவரியில் ஆள் இல்லை, நின்றுவிட்டது. ரேஷன் அட்டையும் தோட்டத்து முகவரிக்குத்தான். வங்கிப் புத்தகம் மழையில் போயிற்று. வங்கியில் விரல் வைக்கச் சொன்னால் ரேகை ஏறுவதில்லை. அவர் கையை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. முப்பது வருசம் காப்பிப் பழம் பறித்து, மிளகு உதிர்த்த விரல்.

இங்கேதான் தலையாரி ஐயா சொன்ன ஒரு விஷயம் என் மண்டையில் ஏறியது. “தம்பி, இவங்களுக்குக் காசு இல்லங்கறது ரெண்டாவது. விலாசம் இல்லங்கறதுதான் மொதல்ல. விலாசம் இல்லாததால சர்க்காரு குடுக்கறதும் கைக்கு வர மாட்டேங்குது.” யோசித்துப் பாருங்கள். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் வீடு கட்ட 3.5 லட்சம் தருகிறார்கள். பெரிய உதவி, நம் ஊரிலேயே குடிசையாக இருந்தவை கான்கிரீட் ஆகியிருக்கின்றன. ஆனால் அதற்குக் காலடியில் பட்டா நிலம் வேண்டும். நிலமும் இல்லை, முகவரியும் இல்லை என்றால் எந்த வாசலும் திறப்பதில்லை.

மறுநாள் காலையில் ஐயா அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீடற்றோர் காப்பகம் ஒன்றுக்குக் கூட்டிப் போனார். அப்படி ஒன்று இருப்பதே அந்த அம்மாவுக்குத் தெரியாது. பக்கத்திலேயே வருசக் கணக்காகப் படுத்திருக்கிறார், யாரும் சொல்லவில்லை. நமக்கும் எத்தனை பேருக்குத் தெரியும்? உச்ச நீதிமன்றம் நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், நாள் முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டு, 2013-இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் அது திட்டமாகவே வந்துவிட்டது. ஆளுக்கு 50 சதுர அடி, பொதுச் சமையலறை, சாமான் வைக்கப் பூட்டோடு பெட்டி எல்லாம் விதியில் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பிலேயே சேலம் மாநகரத்தின் மக்கள்தொகை 8 லட்சத்தைத் தாண்டிவிட்டது. எட்டுக் காப்பகமாவது வேண்டும் என்பது அந்தக் கணக்கு. அதே 2011-இல் பிப்ரவரி 28 ராத்திரி ஒரே இரவில் நாடு முழுக்க வீடற்றவர்களை எண்ணினார்கள். 17 லட்சத்துக்கும் மேல். எங்களைப் போல டார்ச்சோடு ஷட்டர் ஷட்டராகப் போய்த்தான் எண்ணியிருப்பார்கள். எத்தனை பேர் தூணுக்குப் பின்னால் படுத்திருந்து விட்டுப்போனார்களோ.

காப்பகத்தில் அவருக்கு ஒரு கட்டிலும் ஒரு பெட்டியும் கிடைத்தன. பெட்டிச் சாவியைத் தாலிச் சரடு போலக் கழுத்துக் கயிற்றில் கோத்துக்கொண்டார். மூன்றாம் நாள் நாங்கள் போனபோது முதலில் அதைத்தான் காட்டினார். அந்த கம்பளியையும் அப்போதுதான் வாங்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் ஆறு வாரம் நடந்ததுதான் நான் உங்களிடம் சொல்ல வந்த வேலை. அதில் எனக்குப் பங்கு மிகக் குறைவு. ஐயாவும் குழு அக்காமாரும் ஆள் மாற்றி ஆள் கூடவே போனார்கள். ஆதார் மையத்துக்கு இரண்டு முறை: விரல் ஏறாமல், கடைசியில் கருவிழியைக் காட்டியதும் ஏற்றுக்கொண்டது. வங்கிக்கு மூன்று முறை. இ-சேவை மையத்துக்கு, கிராம நிர்வாக அலுவலரிடத்துக்கு, தாலுகா அலுவலகத்துக்கு. காப்பகப் பொறுப்பாளர் புகைப்படத்தோடு கொடுத்த சான்று பாதி வேலையை முடித்தது. ஒவ்வொரு இடத்திலும் “நாளைக்கு வாங்க” என்றால் தனியாக வந்த கிழவி திரும்பி வரமாட்டார். கூட ஒருவர் இருந்தால் மறுநாளும் போகலாம். ஆட்டோ, போட்டோ, ஜெராக்ஸ், டீ எல்லாம் சேர்த்து அவருக்கு ஆன செலவு 1,460 ரூபாய். நாம் கம்பளிக்குச் செலவழித்ததோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

சரி, காப்பகத்தில் எத்தனை நாள் இருப்பது? புது அட்டைக்கு நிலையான முகவரி வேண்டும் என்ற கேள்வி வந்தபோது, அதைத் தீர்த்தது எங்கள் அம்மா. ராத்திரி சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னார்: “உங்க தாத்தா ஊடு ஆறு வருசமாப் பூட்டித்தான கெடக்குது. சாவி எங்கிட்டதான இருக்கு.” அம்மா 90-களின் தொடக்கத்தில், தர்மபுரியில் தொடங்கிய மகளிர் குழுத் திட்டம் சேலத்துக்கு வந்த புதிதில் சேர்ந்தவர். மாதம் இருபது ரூபாய் கட்டிக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவர். யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மறுநாள் குழுவில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டைத் திறந்து, கழுவி, சுண்ணாம்பு அடிக்க ஆள் வைத்துவிட்டார். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலையேறிப் போகிறவர்கள் அந்தத் திண்ணையில்தான் படுப்பார்களாம், தாத்தா பானையில் மோர் வைத்திருப்பாராம். எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பூட்டும் சிலந்தி வலையும்தான்.

இப்போது முன்னறையில் அந்த அம்மா இருக்கிறார். பின்னறையில் அதே காப்பகத்திலிருந்து வந்த இன்னொருவர், மில்லில் வேலை பார்த்தவர். பக்கத்து வீட்டில் இரண்டு குழித்தறி ஓடுகிறது, வெண்பட்டு வேட்டி. தார் (தறி நாடாவில் வைக்கும் நூல் குச்சி) சுற்ற ஆள் கிடைக்காமல் அவர்கள் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். மலைக்காரம்மாவுக்கு (ஊரில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) ராட்டை பழக ஒரு வாரம் ஆயிற்று. நான் கிளம்பும் அன்று போய்ப் பார்த்தேன். இடது கையால் பட்டு நூலை விட்டுக்கொண்டே வலது கையால் ராட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தார். ரேகை தேய்ந்த அதே விரல்கள். நூல் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போகிறதாம், தறிக்கார அண்ணன் மெச்சிக்கொண்டார். உதவித்தொகை விண்ணப்பம் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. ஆனால் ரசீது இருக்கிறது, அதில் நம் ஊர் முகவரி இருக்கிறது.

எங்கள் தெருவில் மட்டும் எண்ணிப் பார்த்தேன், ஒன்பது வீடு பூட்டு. எல்லாம் இந்த மடலைப் படிக்கும் நம்மவர்களின் வீடுகள். பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ மூன்று வருசத்துக்கு ஒரு முறை திறக்கிறோம். கரையான் அரிக்கிறது, ஓடு சரிகிறது. முழு வீட்டையும் கேட்கவில்லை. ஓர் அறை, ஒரு திண்ணை, புழக்கடைக் குழாய், முகவரிக்கு ஒரு சம்மதக் கடிதம்.

உள்ளே விட்டால் அப்புறம் எழுப்ப முடியாது என்று துபாய் சித்தப்பா போன வருசம் வேறொரு பேச்சில் எழுதியது நினைவிருக்கிறது. அந்தப் பயம் நியாயமானது, என் தம்பிக்கும் இருந்தது. அதனால் எழுத்திலேயே வைத்துக்கொண்டோம். 2019-இல் நடைமுறைக்கு வந்த நம் மாநில வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும். வக்கீலை வைத்துப் பதினொரு மாதத்துக்கு எழுதி, குழு அக்காமார் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, பதிவும் செய்துவிட்டோம். வரி, மின் கட்டணம் நம் பெயரிலேயே தொடரும். சித்தப்பா, அந்தத் தாளை உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன், படித்துப் பார்த்துக் குறை இருந்தால் சொல்லுங்கள். உங்கள் அனுபவம் எனக்கு வேண்டும்.

இந்த வருசம் கம்பளிக்குத் திரட்டுவதில் பாதியை ஐயாவின் ஆட்டோச் செலவுக்கும் ஜெராக்ஸுக்கும் ஒதுக்கலாம் என்பது என் கோரிக்கை. கம்பளியும் வேண்டும், குளிர் குளிர்தான். கூடப் போகிறவருக்கு ஒரு நாள் கூலியாவது கொடுக்க வேண்டும். ஐயா வாங்க மாட்டேன் என்கிறார், குழு அக்காமார் வேலையை விட்டுவிட்டு வருகிறார்கள், அவர்களுக்காவது கொடுப்போம்.

டொராண்டோ அக்கா, உங்கள் வீட்டுப் பின்கட்டு நல்ல நிலையில் இருக்கிறது, மாமா பையன் பார்த்துவிட்டு வந்தான். குழாய் ஒன்று மாற்ற வேண்டும், மேலே நாலு ஓடு. காப்பகத்தில் ஒரு பெரியவரும் அவர் வீட்டம்மாவும் இருக்கிறார்கள். ஆண், பெண் தனித்தனிக் கூடம் என்பதால் ஐந்து மாதமாகப் பகலில் மட்டும் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொள்கிறார்கள். நீங்கள் சம்மதம் என்று ஒரு வரி எழுதினால் போதும். சாவி உங்கள் பெரியம்மாவிடம் இருக்கிறது, அம்மா ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.