புதிய டேப்லெட்டில் "வைரஸ் இருக்கிறது" என்று வந்துகொண்டே இருக்கிறது, உதவி தேவை

கேள்வி

வணக்கம். எனக்கு வயது 64. இதுவரை பட்டன் போனைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. மூன்று வாரத்துக்கு முன் மகன் ஓர் ஆண்ட்ராய்டு டேப்லெட் வாங்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டான். சிம் கிடையாது, வீட்டு வைஃபை மட்டும்தான். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க முடிகிறது என்பதால் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

நான்கு நாளாக ஒரு தொல்லை. "உங்கள் சாதனத்தில் 5 வைரஸ்கள் உள்ளன, உடனே சுத்தம் செய்யுங்கள்" என்று மேலே செய்தி வருகிறது. தள்ளிவிட்டால் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வருகிறது. பயந்துபோய் ஒரு தடவை அதைத் தொட்டேன். ஏதோ ஒரு 'க்ளீனர்' இறங்கியது, கேட்ட இடத்திலெல்லாம் சரி என்று அழுத்திவிட்டேன். அப்புறம் திரை முழுக்க விளம்பரம் வேறு வருகிறது. மகனிடம் சொன்னால் கவலைப்படுவான். டேப்லெட் கெட்டுவிட்டதா?

பதில் 1

கெடவில்லை அம்மா, பயப்படாதீர்கள். முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். அந்தச் செய்தியின் ஓரத்தில் குரோம் (இணையம் பார்க்கும் ஆப்) படமும் ஏதாவது ஒரு இணையதளத்தின் பெயரும் தெரிகிறதா? க்ளீனர் இறங்கிய பிறகு எங்காவது பாஸ்வேர்டோ வங்கி விவரமோ தட்டச்சு செய்தீர்களா? அது ஏதாவது பெரிய அனுமதி கேட்டதா?

கேட்டவர்

ஆமாம், குரோமின் வண்ண வட்டம் இருக்கிறது. பக்கத்தில் புரியாத ஒரு பெயர். பாஸ்வேர்டு எதுவும் கொடுக்கவில்லை. டேப்லெட்டில் வங்கி ஆப்பும் இல்லை. அனுமதி கேட்டது, என்னவென்று படிக்கவில்லை.

பதில் 1

அப்படியானால் அது வைரஸ் எச்சரிக்கையே அல்ல. இணையதளங்கள் நோட்டிஃபிகேஷன் அனுப்ப நம்மிடம் அனுமதி கேட்கும். சில மோசமான தளங்கள் "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அனுமதி என்பதை அழுத்துங்கள்" என்று ஏமாற்றி அந்த அனுமதியை வாங்கிவிடும். எப்போதோ ஒருமுறை அழுத்தியிருப்பீர்கள். அன்றிலிருந்து அந்தத் தளம் நினைத்தபோதெல்லாம் உங்கள் திரையில் எழுதுகிறது. உள்ளே வைரஸ் இருக்கிறதா என்று ஓர் இணையதளத்தால் சோதித்துப் பார்க்கவே முடியாது. அந்த 5 என்ற எண் வெறும் எழுத்து.

நிறுத்த: குரோமைத் திறந்து வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொடுங்கள். செட்டிங்ஸ், அதில் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். அந்தப் பெயரைத் தொட்டு அனுமதியை நீக்குங்கள். தெரியாத மற்ற பெயர்களையும் விட்டுவைக்க வேண்டாம்.

இனி க்ளீனர். இதுதான் நிஜமாகக் கவனிக்க வேண்டியது. டேப்லெட்டின் செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் அதை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்து வேலை செய்யாவிட்டால், அது 'டிவைஸ் அட்மின்' என்ற, சாதனத்தை நிர்வகிக்கும் அனுமதியை வாங்கியிருக்கும். செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் அப்படியே தேடி, டிக்கை எடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். விளம்பரம் வேலை செய்ய விடாமல் தடுத்தால் சேஃப் மோடில் தொடங்குங்கள். பவர் மெனுவில் 'பவர் ஆஃப்' என்பதை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான டேப்லெட்டுகளில் கேட்கும். அதில் நாம் சேர்த்த ஆப்கள் எதுவும் ஓடாது, நிதானமாக நீக்கலாம்.

அப்புறம் செட்டிங்ஸில் 'அன்நோன் ஆப்ஸ்' என்று தேடி, குரோமுக்குக் கொடுத்த அனுமதியை அணைத்துவிடுங்கள். பிளே ஸ்டோர் வழியாக அல்லாமல் ஆப் இறங்கியது அந்தக் கதவு வழியாகத்தான்.

பதில் 2

நல்ல ஆன்ட்டிவைரஸ் ஒன்றைப் போட்டுவிட்டால் இவ்வளவு சுற்ற வேண்டாமே?

பதில் 1

இந்தச் சூழலில் நான் அதைச் சொல்ல மாட்டேன். சுத்தம் செய்கிறேன் என்று வந்த ஆப்பால்தான் அம்மா மாட்டிக்கொண்டார். இப்போது இன்னொன்றைத் தேடச் சொன்னால் எது உண்மை எது போலி என்று அவர் எப்படிப் பிரிப்பார்? பிளே ஸ்டோருக்குள்ளேயே ஆப்களைச் சோதிக்கும் பிளே ப்ரொடெக்ட் இருக்கிறது. மேலே உள்ள வட்டப் படத்தைத் தொட்டால் மெனுவில் வரும், அதில் ஸ்கேன் கொடுத்தால் போதும். கூடவே சிஸ்டம் அப்டேட் காத்திருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். ஆண்ட்ராய்டுக்குத் தொடர்ந்து பாதுகாப்புத் திருத்தங்கள் வெளியாகின்றன. டேப்லெட் தயாரிப்பாளர்கள் தாமதமாகத்தான் கொடுப்பார்கள், ஆனாலும் வரும்போது தள்ளிப்போடக் கூடாது.

பதில் 3

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள் அம்மா. செட்டிங்ஸில் 'அக்ஸசிபிலிட்டி' பகுதியில் அந்த க்ளீனரின் பெயர் இருக்கிறதா? கண் பார்வை குறைந்தவர்கள் போன்றோருக்காக இருக்கும் வசதி அது. அதைப் பெற்ற ஆப் திரையில் இருப்பதைப் படிக்கலாம், நமக்குப் பதிலாகத் தொடவும் செய்யலாம். பணம் திருடும் ஆப்கள் முதலில் குறிவைப்பது இதைத்தான். இருந்தால் மறுபடி எழுதுங்கள், பாஸ்வேர்டுகளை மாற்றுவது பற்றிப் பேச வேண்டும்.

கேட்டவர்

அக்ஸசிபிலிட்டியில் அந்தப் பெயர் இல்லை. டிவைஸ் அட்மினில் இருந்தது! டிக்கை எடுத்ததும் க்ளீனர் போய்விட்டது. குரோம் பட்டியலில் ஆறு தளங்கள் இருந்தன, ஆறையும் நீக்கிவிட்டேன். நேற்றிலிருந்து ஒரு செய்திகூட வரவில்லை. உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இதையும் கேட்டுவிடுகிறேன். பேரன் வந்தால் விளையாட எடுப்பான் என்று லாக் எதுவும் போடவில்லை. உள்ளே இருப்பது மகனின் கூகுள் கணக்கு. இப்படியே இருக்கலாமா?

பதில் 3

லாக்கை இன்றே போடுங்கள். நான்கு இலக்கப் பின் (PIN) எண் என்றால் 10,000 சாத்தியங்கள், ஆறு இலக்கம் என்றால் 10 லட்சம். பிறந்த ஆண்டும் 123456-உம் வேண்டாம். கோடு இழுக்கும் பேட்டர்னை நான் பரிந்துரைப்பதில்லை, விரல் போன தடம் கண்ணாடியில் அப்படியே தெரியும்.

பேரனுக்குப் பின்னைச் சொல்ல வேண்டியதே இல்லை. பல ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் செட்டிங்ஸில் 'யூசர்ஸ்' என்று இருக்கும். அங்கே அவனுக்குத் தனி யூசர் உருவாக்கினால் அவன் விளையாட்டு அவன் பக்கம், உங்கள் படங்களும் மெயிலும் உங்கள் பக்கம். அந்த வசதி இல்லாவிட்டால் 'ஆப் பின்னிங்' என்று தேடுங்கள். ஒரே ஆப்பைத் திரையில் பூட்டிவிட்டுக் கையில் கொடுக்கலாம். வெளியே வரப் பின் கேட்கும்படி வைக்க மறக்காதீர்கள்.

பதில் 1

மகன் கணக்கு பற்றி: அதில் அவருடைய மெயில், படங்கள், ஒருவேளை கார்டு விவரமும் இருக்கும். பேரன் விளையாட்டில் எதையாவது வாங்கினால் பணம் அவர் கார்டிலிருந்து போகும். உங்கள் பெயரில் ஒரு கணக்கு தொடங்குங்கள், 15 ஜிபி இடம் இலவசமாகக் கிடைக்கும். அவர் அடுத்த முறை வரும்போது பக்கத்தில் இருக்கையில் அவர் கணக்கை எடுத்துவிடலாம். இதை அவரிடம் சொல்லித்தான் செய்ய வேண்டும், க்ளீனர் விஷயத்தையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். அவருடைய கணக்கும் அந்த டேப்லெட்டில்தானே இருந்தது, அவருக்குத் தெரிந்திருப்பது நல்லது.

புதிய பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி வீட்டில் பத்திரமாக வையுங்கள். டேப்லெட்டை யாராவது பொத்தான்களை அழுத்தி முழுக்க அழித்தாலும், மறுபடி தொடங்கும்போது பழைய கணக்கையோ பழைய பின்னையோ கேட்கும். திருடனுக்கு அது தடை. ஆனால் மறந்துவிட்டால் உங்களுக்கும் தடைதான். கணக்கில் உங்கள் பட்டன் போன் எண்ணைக் கொடுங்கள், ஓடிபி அதற்கு வரும். யார் போன் செய்து கேட்டாலும் அந்த ஓடிபியைச் சொல்ல வேண்டாம்.

கேட்டவர்

பின் போட்டாயிற்று, ஆறு இலக்கம். மகனிடமும் சொல்லிவிட்டேன், திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறான். இந்தப் பதிலை எழுதும்போது கீபோர்டு சின்னதாகித் திரை நடுவில் மிதக்கிறது, ஏன்?

பதில் 3

அது மிதக்கும் கீபோர்டு அம்மா, கை தவறிப் பட்டிருக்கும். அதன் அடியில் ஒரு சிறிய பிடி தெரியும். அதைப் பிடித்துத் திரையின் அடிப்பகுதி வரை இழுத்து விடுங்கள், பழையபடி ஒட்டிக்கொள்ளும்.

கேட்டவர்

ஒட்டிக்கொண்டது!