அப்பத்தாவுக்கு எப்படிப் புரியவைப்பது?
வணக்கம். யாங்கோனிலிருந்து எழுதுகிறேன். சாப்பிட்ட அரை மணி நேரத்தில் அப்பத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுகிறார். பிடித்த மொகிங்கா (மீன் நூடுல்ஸ் சூப்) கூட பாதிக் கிண்ணத்தோடு நின்றுவிடுகிறது. பயத்திலேயே சாப்பாட்டைக் குறைத்து ரொம்ப இளைத்துவிட்டார்.

டாக்டர் பர்மியத்தில் விளக்கினார். வயிற்றுப் பெருந்தமனியிலிருந்து (வயிற்றுக்குள் இறங்கும் பெரிய ரத்தக்குழாய்) செரிமான உறுப்புகளுக்கு மூன்று கிளைகள். மேல்கிளை இரைப்பை, கல்லீரல், மண்ணீரலுக்கு. நடுக்கிளை பெரும்பாலும் சிறுகுடலுக்கு. கீழ்க்கிளை பெருங்குடலின் பிற்பகுதிக்கு. அப்பத்தாவுக்கு நடுக்கிளை சுருங்கியிருக்கிறது. சாப்பிட்டதும் குடல் கேட்கும் கூடுதல் ரத்தம் போய்ச் சேராததால்தான் வலி.

அவருக்கோ தமிழ்தான் தெரியும். "அஜீரணம்தானே, ஓமத்தண்ணி போதும்" என்கிறார். பெகுவில் வயல் வேலை பார்த்தவர், அதனால் வாய்க்கால் அடைத்தால் பயிர் வாடுவதைச் சொல்லலாமா? சுருங்கிய ரத்தக்குழாயை விரிக்கும் சிகிச்சைக்கு அவர் சம்மதிக்க வேண்டும். வீட்டில் இதைச் செய்துகொண்டவர்கள் இருந்தால், எப்படிப் பேசினீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.