“எல்லாம் நடிப்புதானே?” – ரெஸ்லிங் ரசிகர்களின் அனுபவப் பகிர்வு

சவப்பெட்டி_சரவணன்

2014 ஏப்ரல் 7, திங்கட்கிழமை. ஆபீஸுக்கு வயிற்றுவலி என்று மெசேஜ் போட்டுவிட்டு விடியற்காலை நாலரையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். ரெஸில்மேனியா 30, WWE கம்பெனி வருஷா வருஷம் நடத்தும் பெரிய ரெஸ்லிங் ஷோ. என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அண்டர்டேக்கருக்கு லெஸ்னர் மூன்றாவது எஃப்-5 (தோளில் தூக்கிச் சுழற்றித் தரையில் போடும் அடி) போட்டார். ரெஃப்ரி எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு. தோளைத் தூக்கிவிடுவார் என்று நான் பாட்டுக்குக் காப்பி டம்ளரை எடுத்தேன். மூன்று.

நியூ ஆர்லியன்ஸில் மொத்தக் கூட்டமும் பேச்சு மூச்சில்லாமல் நிற்கிறது. அப்புறம் திரையில் 21-1. ரெஸில்மேனியாவில் இருபத்தொரு தடவை ஜெயித்தவருக்கு முதல் தோல்வி.

அந்த நேரம் பார்த்து மனைவி தோசைத் தட்டோடு வந்தாள். கல்யாணமாகி ஐந்து மாதம். என் முகத்தைப் பார்த்ததும் தட்டைத் தரையிலேயே வைத்துவிட்டாள்.

“என்னங்க, ஊர்ல யாருக்காவது ஏதாவதா?”

“அண்டர்டேக்கர் தோத்துட்டாரு.”

“இதெல்லாம் முன்னாடியே பேசி வெச்சுப் பண்றதுதானே?”

கிண்டலாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவள் நிஜமாகவே புரியாமல் கேட்டாள். பேசி வைத்ததுதான் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் அந்த அழுகை. கிரிக்கெட்டில் தோற்றால் பிட்சைத் திட்டலாம், டாஸைத் திட்டலாம். இங்கே யாரோ ஒருவர் அறையில் உட்கார்ந்து, சரி, இந்த வருஷம் இவர் தோற்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறார். இதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தோசையைச் சாப்பிட்டேன். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் பதில் சொல்லவில்லை.

உங்களிடம் யாராவது இப்படிக் கேட்டு, அது இன்னும் உறுத்துகிறதா?

திண்ணை_ராணி

உறுத்தல் என்றால் எனக்கு ஒன்று இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் தெருவில் ரெஸ்லர்களின் எடை, உயரம் போட்ட கார்டு வைத்து விளையாடாத பிள்ளையே கிடையாது. யோகோசுனா கார்டு கையில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ‘வெயிட்’ என்று சொல்லிவிடலாம். ஜயண்ட் கொன்சாலஸ் என்றால் ‘ஹைட்’. அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர், ஆறு போய்விட்டது, இன்னும் ஒன்றுதான் பாக்கி என்று நாங்கள் கணக்குப் போட்டுக் கவலைப்பட்டதும் உண்டு.

2002 மே விடுமுறை. எனக்குப் பதினொன்று, தம்பிக்கு எட்டு. அந்த வருஷம்தான் ராக்கும் ஹோகனும் ரெஸில்மேனியாவில் மோதினார்கள். பாட்டி வீட்டுத் திண்ணைதான் எங்களுக்கு மேல்கயிறு. கீழே பாயும் இரண்டு தலையணையும். ராக் ஜெயித்த மேட்ச் என்பதால் ராக்தான் ஜெயிக்க வேண்டும் என்று முன்கூட்டியே ஒப்பந்தம். நான் ஹோகன், அவன் ராக்.

பாதியில் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. தோற்கப் பிடிக்கவில்லை. அவன் பாயில் மல்லாந்து, என்னை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறான். அடுத்து அவன் எழுந்து என்னை அடிக்க வேண்டும். நான் திண்ணையில் ஏறி, காலை நீட்டி அவன்மேல் விழும் ஹோகனின் லெக் டிராப்பைப் போட்டுவிட்டேன்.

காய்ந்த முருங்கைக் குச்சியை ஒடித்தால் வருமே, அந்தச் சத்தம். அவன் அழக்கூட இல்லை, என்னையே பார்த்தான். காறை எலும்பு. ஊஞ்சலிலிருந்து விழுந்துவிட்டான் என்று நான் சொன்னேன், அவனும் ஆமாம் என்றான். கட்டுப் போட்டு ஒன்றரை மாதம் ஆனது.

விளையாட்டா நடிப்பா என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்கும். பேசி வைத்ததை மீறியது நான்.

காலிஃபிளவர்_காது

ரசிகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் மேட் மல்யுத்தக்காரன். ஃப்ரீஸ்டைல். ஒன்பது வருஷம். பெயரே சொல்லும், இரண்டு காதும் போய்விட்டது.

கல்லூரி நாளில் ஒரு போட்டியில் வெண்கலம் வாங்கினேன். அரையிறுதியில் தோற்று, விலா வலியோடு அடுத்த ஆட்டம் ஆடி வாங்கியது. பரிசளிப்பு விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “இதோ நம்ம ஊரு ஜான் சீனா!” என்றார். கூட்டம் முழுக்கச் சீனா மாதிரியே கையை முகத்துக்கு முன்னால் ஆட்டுகிறது. என் கோச்சும் சிரித்தார். எனக்கு அவர் சிரித்ததுதான் தாங்கவில்லை.

சரவணன், உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் விளையாட்டு என்று சொல்லாதீர்கள். எங்கள் ஆட்டத்தில் மூன்று எண்ண மாட்டார்கள். இரண்டு தோளும் மேட்டில் ஒரு கணம் பட்டால் போதும், முடிந்தது. பத்துப் புள்ளி பின்தங்கினாலும் முடிந்தது. எழுந்து வா என்று ரசிகர்கள் கத்தினால் யாரும் எழுந்து வருவதில்லை.

இது நான் சொல்வதும் இல்லை. 1989இல் அந்த WWE கம்பெனியே (அப்போது பெயர் WWF) நியூ ஜெர்சி செனட்டில் போய், எங்களுடையது உண்மையான போட்டி இல்லை, பார்வையாளர்களை மகிழ்விக்கும் நிகழ்ச்சி என்று ஒப்புக்கொண்டது. எதற்கு? விளையாட்டு என்றால் ஆணையம் வரும், உரிமம் வரும், வரி வரும். விளையாட்டு இல்லை என்றால் அதெல்லாம் மிச்சம். அவர்களே வேண்டாம் என்று கழற்றிப் போட்ட பட்டத்தை நீங்கள் ஏன் எடுத்து மாட்டிவிடுகிறீர்கள்?

1952 ஹெல்சிங்கியில் கே.டி. ஜாதவ் வாங்கிய வெண்கலத்தைப் பற்றித் தெருவில் கேட்டுப் பாருங்கள். பிறகு அண்டர்டேக்கருக்கு எத்தனை உயிர் என்று கேளுங்கள்.

சவப்பெட்டி_சரவணன்

நண்பா, நான் விளையாட்டு என்று எங்கே சொன்னேன்? அழுதேன் என்றுதான் சொன்னேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கர்ட் ஆங்கிள் 1996 அட்லாண்டாவில் உங்கள் ஃப்ரீஸ்டைலில்தான் தங்கம் வாங்கினார், 100 கிலோ பிரிவு. அதே ஆள் பிறகு எங்கள் பக்கம் வந்தார். உடம்பு அதேதான், கழுத்து அதேதான். எந்தத் தேதியிலிருந்து அவர் விளையாட்டு வீரர் இல்லை?

காலிஃபிளவர்_காது

தோற்கச் சம்மதித்த தேதியிலிருந்து.

வந்தவாசிக்காரன்

காது அண்ணன் கடைசியாகச் சொன்னதைப் படித்துவிட்டு டீயை வைத்துவிட்டு எழுதுகிறேன். தோற்கச் சம்மதிப்பது அவ்வளவு லேசான வேலை என்று நினைக்கிறீர்களா?

எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பதினெட்டாம் போர் கூத்து விடிய விடிய நடக்கும். விடிந்ததும் படுகளம். துரியோதனன் சாவான் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் ஒருவரும் எழுந்து போவதில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த வருஷம் துரியோதனன் கட்டியவர் குரல் கம்மிப்போகும் வரை பாடிக் கடைசியில் கெஞ்சவும் இல்லை. ஒரு கிழவி எழுந்து வந்து ஒரு பிடி மண்ணை அவர்மேல் வீசி, “நாசமாப் போவ” என்று திட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். அசையவில்லை. பத்து மணிக்கு டீக்கடையில் பார்க்கிறேன், அரிதாரம் பாதி கலைந்த முகத்தோடு அவரும் பீமன் கட்டியவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு டீயை இரண்டு டம்ளரில் பகிர்ந்து குடிக்கிறார்கள். துரியோதனனின் முழங்கால் வீங்கிக் கிடந்தது. பீமன் குனிந்து அதில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு ஓடிப்போய் டிவியைப் போட்டால் ரெஸ்லிங்கில் கேனும் அண்டர்டேக்கரும். அன்றைக்கு எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் பார்ப்பதை நிறுத்தவில்லை, இன்னும் கூர்ந்து பார்க்க ஆரம்பித்தேன். அடிப்பவனை விட்டுவிட்டு விழுகிறவனைப் பார்த்தேன். 1998இல் மான்கைண்ட் 16 அடிக் கூண்டு உச்சியிலிருந்து வர்ணனையாளர் மேசைமேல் விழுந்தாரே, முடிவு எழுதி வைத்ததுதான். விழுந்த உடம்பு யாருடையது? மறுபடி ஏறினார். இரண்டாவது தடவை கூரை பெயர்ந்து உள்ளே விழுந்ததில் பல் போய் மூக்கருகே தொங்கியது. அடுத்த வருஷம் ஓவன் ஹார்ட்டை கன்சாஸ் சிட்டி அரங்கக் கூரையிலிருந்து கயிற்றில் இறக்கியபோது கொக்கி விட்டுவிட்டது, விழுந்து செத்தே போனார். அது யார் எழுதியது?

விளையாட்டு இல்லை, சரி. எனக்கு அந்தப் பட்டம் வேண்டவும் வேண்டாம். கூத்தைப் போய் யாராவது “இது ஓட்டப்பந்தயமா?” என்று கேட்பார்களா?

ரிங்சைடு_ரவி

2023 செப்டம்பர் 8, ஹைதராபாத், கச்சிபௌலி உள்ளரங்கம். ஜான் சீனா வந்தார். நான் கத்தியதில் மூன்று நாள் தொண்டை கட்டிக்கொண்டது. என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் ராணி தங்கச்சி பதிவைப் படித்ததும் சில விஷயங்கள் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதலில், காறை எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே எடுக்காமல் கட்டுப் போடக் கூடாது. உங்கள் வீட்டில் எடுத்தார்களா என்று எழுதவில்லை. இப்போதாவது தம்பியைக் கையை முழுக்கத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வலி இருந்தால் எலும்பு மருத்துவரிடம் போகட்டும்.

இரண்டாவது, தலையணை. நிறையப் பேர் செய்யும் தப்பு இது. நிஜ ரிங் மெத்தை என்று நினைக்கிறார்கள். இரும்புச் சட்டம், அதன்மேல் மரப் பலகை, மேலே மெல்லிய ஃபோம், கேன்வாஸ் துணி, அவ்வளவுதான். அந்தப் பலகை கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பாட்டி வீட்டுத் தரை வளையாது. விழுவதற்கென்றே மாதக்கணக்கில் பழகுகிறார்கள்: தாடையை நெஞ்சோடு ஒட்டி, தலை படாமல், முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி, இரண்டு கையாலும் தரையை அறைந்து. முழங்கையை ஊன்றினால் போச்சு. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் திண்ணை, கட்டில், பீரோ எதன் மேலிருந்தும் குதிக்க விடாதீர்கள். மீறிக் குதித்தால் திட்டாமல் என்ன நடந்தது என்று கேளுங்கள், இல்லையென்றால் ஊஞ்சல் கதைதான் வரும்.

மூன்றாவது சரவணனுக்கு. மனைவியிடம் விளக்க நினைத்தால் ரெஸில்மேனியா 30இல் ஆரம்பிக்காதீர்கள். ராக்–ஹோகன் மேட்ச்சைப் போட்டுக் காட்டுங்கள். வில்லனாக வந்த ஹோகனுக்கு டொராண்டோ கூட்டம் கைதட்ட ஆரம்பித்ததும் இரண்டு பேரும் நடுவிலேயே ஆட்டத்தை மாற்றிக்கொள்வது தெரியும். ஒலியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், கூட்டம்தான் முக்கியம். பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிக்கொண்டே இருக்க வேண்டாம். அவர் போனை எடுத்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

நான்காவது, அடுத்த முறை இந்தியாவில் ஷோ வந்தால் ஷோ டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் ரயில் டிக்கெட்டைப் போடுங்கள். நான் மாற்றிச் செய்து, சென்னையிலிருந்து பேருந்தில் போய் இடுப்பு பிடித்துக்கொண்டது.

சவப்பெட்டி_சரவணன்

ரவி, நன்றி. போட்டுக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

கேலாங்_பேரன்

சிங்கப்பூரிலிருந்து. என் தாத்தா இங்கே ஹேப்பி வேர்ல்டு பொழுதுபோக்குப் பூங்காவில் கிங்காங் என்ற ரெஸ்லரைப் பார்த்தவர். ஹங்கேரிக்காரர், மலை மாதிரி உடம்பு. தாரா சிங்கோடு மோதியதை எல்லாம் தாத்தா கையைக் காலை ஆட்டித்தான் சொல்வார். சொல்லும்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்வார்.

நான் பாலிடெக்னிக் முதல் வருஷம். எல்லாம் தெரிந்துவிட்ட வயசு. யூடியூபில் ஒரு வீடியோவை எடுத்துத் தாத்தா முன்னால் வைத்தேன். குத்தும்போது காலால் தரையை உதைத்துச் சத்தம் வரவைப்பது, பிளேடால் நெற்றியை லேசாகக் கீறி ரத்தம் காட்டுவது, எல்லாம் அதில் இருந்தது. தாத்தா முழுக்கப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் மூணாவது வரிசைடா” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் என்னிடம் கிங்காங் கதை சொன்னதே இல்லை. தங்கச்சியிடம் சொல்வார், நான் அறைக்குள் வந்தால் நிறுத்திவிடுவார். 2016இல் போய்விட்டார்.

காலிஃபிளவர்_காது

வந்தவாசி தம்பி, ஓவன் ஹார்ட்டை இதில் கொண்டுவந்திருக்க வேண்டாம். சர்க்கஸில் விழுந்தாலும் சாவுதான், அதற்காகச் சர்க்கஸ் விளையாட்டாகிவிடாது. மற்றபடி அந்தத் தைலம் விஷயம் நன்றாக இருந்தது. எங்கள் ஆட்டத்திலும் அது உண்டு. என்னை அரையிறுதியில் தோற்கடித்தவன்தான் என் விலாவுக்கு ஐஸ் வைத்தான்.

கேலாங் பேரனுக்கு: மூன்றாவது வரிசை என்றால் சத்தம் மட்டுமில்லை, வியர்வையும் மேலே தெறிக்கும். தாத்தா பொய் சொல்லவில்லை.

வந்தவாசிக்காரன்

அண்ணே, ஐஸ் வைத்தவர் கதையை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் நான் டீயைச் சூடாகக் குடித்திருப்பேன்.

திண்ணை_ராணி

ரவி அண்ணா, எக்ஸ்ரே எடுத்தார்கள். கை நன்றாகத் தூக்குகிறான், பைக்கில் ஊர் சுற்றுகிறான்.

நேற்று ராத்திரி தைரியம் வந்து இந்தத் திரியை அவனுக்கு அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது, பதிலைக் காணோம். எனக்குத் தூக்கமே இல்லை. காலையில் ஆறே காலுக்கு வந்திருக்கிறது, அப்படியே போடுகிறேன்:

“அக்கா, நான்தான் ஹோகன். நீ ராக். அது லெக் டிராப் இல்ல, எல்போ. நீ ஜெயிக்கணும்னுதான் பேசினோம்.”