மறு: மறு: பெடியனை அமெரிக்கா அனுப்பிற விசயம்

லண்டன், சின்னம்மா:

பாஸ்கட்போல் விளையாடுற குஞ்சியப்பு வீட்டுப் பெடியனை அமெரிக்கா அனுப்பிப் படிப்பிக்கக் காசு சேர்க்கிற கடிதம் கிடைச்சது. குடுக்கலாம். ஆனா அவன்ரை முழங்காலை ஆராவது பாத்தனீங்களோ? சிரட்டைக்குக் கீழை எலும்பு புடைச்சு நிக்குது. படி இறங்கேக்கை கைப்பிடியைப் பிடிக்கிறான். பள்ளிக்கூட ரீம், கிளப் ரீம், தனிக் கோச் எண்டு ஏழு நாளும் ஓட்டம். தாய் "வளர்ற வயசு" எண்டுறா.

ரொறன்ரோ:

சின்னம்மா சொல்லுறது ஒஸ்குட்-ஷ்லாட்டர் எண்ட முழங்கால் வருத்தம் மாதிரிக் கிடக்கு. தொடைத் தசையின்ரை நாண், வளர்ற எலும்பை ஒட்டின இடத்திலை இழுத்து இழுத்து வாறது. ஐஸ் நோவைத்தான் குறைக்கும். துள்ளிப் பாயிறதைக் குறைக்கவேணும். அமெரிக்காவின்ரை தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.யும் யூ.எஸ்.ஏ. பாஸ்கட்போல் அமைப்பும் போட்ட வழிகாட்டலிலை 9–12ஆம் வகுப்புக்குக் கிழமைக்கு 14 மணித்தியாலம்தான் எல்லை, ஒரு நாளாவது ஓய்வு. மூண்டு கோச்சும் தன்ரை தன்ரை மணித்தியாலத்தைத்தான் எண்ணுவினம். கூட்டிப் பாக்கிறது வீட்டாக்கள்.

இனிப் படிப்பு. அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டை நடத்திற என்.சி.ஏ.ஏ.யின்ரை மேல்மட்டமான டிவிஷன் வண்ணுக்கு 16 கோர் (அடிப்படைப்) பாடம் வேணும். அதிலை 10 பாடம் 12ஆம் வகுப்பு துவங்க முன்னம் முடியவேணும்; அந்தப் பத்திலை 7 இங்கிலிஷ், கணக்கு, விஞ்ஞானம். அந்தப் பத்தின்ரை மாக்ஸைப் பிறகு திரும்பப் படிச்சு ஏத்தேலாது. கோர் பாடங்களின்ரை சராசரி மாக்ஸ் (ஜி.பி.ஏ.) ஆகக் குறைஞ்சது 2.3. அமெரிக்காவிலை ஒரு வருசம் கூடப் படிச்சால் மாக்ஸ் ஏறும் எண்டு கடிதத்திலை கிடக்கு. பெரிசா ஏறாது. நேரத்துக்குப் பள்ளி முடிச்ச பிள்ளைக்கு, அதுக்குப் பிறகு ஒரேயொரு பாடம்தான் கணக்கிலை சேரும். பிரெப் எண்டுற அந்தக் கூடின வருசம் உடம்பு தேறவும் ஆட்டம் தேறவும் உதவும், அவ்வளவுதான். அவன் இப்ப பத்தாம் வகுப்பு. காசை இந்த வருசம் கணக்கு ரியூசனுக்குப் போடுங்கோ.

ஒஸ்லோ:

கனடா ஹமில்ட்டனிலை வளர்ந்த ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் அமெரிக்காவிலை ரெனசியிலை போய்ப் படிச்சுத்தானே கென்ரக்கிப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர்? 2018இலை என்.பி.ஏ.க்கு 11ஆவது ஆளா எடுபட்டு, 2025இலை எம்.வி.பி. (அந்த வருசத்துச் சிறந்த ஆட்டக்காரர்). எங்கடை ஊர்ப் பெயரும் ஒருக்கா ரீவியிலை வரட்டன். கிழக்கு வட்டாரத்துப் பிள்ளை எண்டால் முழங்காலை ஆரும் பாத்திருக்க மாட்டியள்.

மார்க்கம், காசுக் கணக்குப் பாக்கிறவர்:

வட்டாரத்தை இழுக்காதேங்கோ. ஒரு ஆளின்ரை பேரிலை சேர்க்கிற காசுக்குக் கனடாவிலை வரி ரசீது குடுக்கேலாது. கடிதத்திலை "ரசீது உண்டு" எண்டு ஆரைக் கேட்டு எழுதினது? ஒருத்தற்றை கையிலும் காசு வேண்டாம். ரீமுக்கும் ஹோட்டலுக்கும் நேரடியாக் கட்டி பில்லை வைக்கவேணும். நாளைக்கு என்.சி.ஏ.ஏ. அவன்ரை அமெச்சூர் நிலையை (காசுக்கு விளையாடினவனோ எண்டு) பாக்கேக்கை ஆர் கட்டினது எண்டு காட்டவேண்டி வரும். வாசிகசாலைக் கூரைக் காசுக்கு இன்னும் பில் வரேல்லை, அதையும் ஞாபகம் வைச்சிருங்கோ.

ரொறன்ரோ:

ஒஸ்லோ அண்ணை, ஷாய் கென்ரக்கியிலையும் துவக்கத்திலை மாத்தாளா வாங்கிலை இருந்தவர்தான். இப்ப ஒரு பல்கலைக்கழகத்திலை இருந்து மற்றதுக்கு ஆட்டக்காரர் மாறுற டிரான்ஸ்ஃபர் போர்ட்டலாலை இடம் இன்னும் இறுக்கம்: 22 வயசு ஆள் ரெடியா நிக்கேக்கை 18 வயசுப் பிள்ளையை எடுக்கக் கோச்மார் யோசிக்கினம்.

"என்.ஐ.எல். காசு வந்தோண்ணை திருப்பித் தருவம்" எண்டு கடிதத்திலை கிடக்கிற வரியை வெட்டுங்கோ. என்.ஐ.எல். எண்டது ஆட்டக்காரர் தன்ரை பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் குடுத்து எடுக்கிற காசு. கனடாப் பிள்ளை எஃப்-1 எண்ட மாணவர் அனுமதியிலைதான் போகும். அதிலை நிண்டு விளம்பரத்துக்கு வேலை செய்து காசு எடுத்தால் படிக்கிற அனுமதிக்கே ஆபத்து. மூண்டாம் மட்டமான டிவிஷன் த்ரீயும், ஹார்வர்ட் மாதிரிப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த ஐவி லீக்கும் விளையாட்டு ஸ்கொலர்ஷிப் குடுக்கிறேல்லை, அதையும் வீட்டுக்குச் சொல்லுங்கோ.

பத்தாம் வகுப்பு முடிய, ஜூன் 15இலை இருந்து டிவிஷன் வண் கோச்மார் நேர எழுதலாம். அதுக்கு முன்னம் 3–4 நிமிச வீடியோ வேணும். பாட்டு வேண்டாம், நல்ல ஆட்டம் முதல் அரை நிமிசத்துக்குள்ளை, ஜேர்சி நம்பர் தெரியவேணும். வெட்டாத முழு மாட்ச் ஒண்டும் சேர்த்து அனுப்புங்கோ. டிஃபென்சிலை என்ன செய்யிறான் எண்டு அதிலைதான் தெரியும்.

லண்டன், சின்னம்மா:

பிசியோவுக்கு நான் கட்டுறன். பில்லை மார்க்கம் அண்ணைக்கே அனுப்பச் சொல்லுங்கோ. கிழக்கு வட்டாரக் கதையைப் பற்றி ஒஸ்லோவோடை தனியாக் கதைக்கவேணும்.