கதை இல்லாத விளையாட்டுப் படம்: தொய்யாமல் எடுப்பது எப்படி?

மலைமுகில்:
கம்பஸ் கரப்பந்து அணி, விரிவுரை தொடங்க முந்திய மூன்று நாள், பேராதனைப் பக்கம் ஒரு வாடகை வீடு. எட்டுப் பேர், 20 நிமிடக் குறும்படம். அமெரிக்க இயக்குநர் லிங்க்லேட்டரின் 'எவ்ரிபடி வாண்ட்ஸ் சம்' (2016) படம் மாதிரி கதையே இல்லாமல் எடுக்கப் போகிறோம். எழுதியதை வாசித்தால் பாதியில் படுத்துவிடுகிறது. எங்கே பிழை?

பெரட்டுக்களம்:
அந்தப் படத்தில் கதை இல்லைதான், ஆனால் கெடு இருக்கிறது. 1980 ஆகஸ்ட், டெக்சஸ், ஒரு கல்லூரி பேஸ்போல் அணி தங்கும் வீடு. முதல் வகுப்புக்கு இன்னும் எத்தனை மணித்தியாலம் என்று திரையில் எழுத்து வந்துகொண்டே இருக்கும். வீட்டில் மது கூடாது, மாடிக்குப் பெண்கள் போகக் கூடாது என்று பயிற்றுநர் சட்டமும் போடுகிறார். மீறத்தான் போகிறார்கள் என்று நமக்குத் தெரியும், அதனாலேயே பார்க்கிறோம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், தொட்டதெல்லாம் போட்டி. மேசைப்பந்தில் புதுப்பையன் ஜேக்கிடம் தோற்றதும் சீனியர் மெக்ரெனால்ட்ஸ் மட்டையை வீசுகிறான். அவன் யாரென்று அந்த வீச்சே சொல்லிவிடுகிறது. பேஸ்போல் பயிற்சி படம் முழுக்க ஒரே தடவைதான். ஆகவே மைதானத்துக்கு மூன்று நிமிடம் போதும். மிச்சத்தைக் கெரம் பலகைக்கும் சமையலறைக்கும் கொடுங்கள். எட்டுப் பேரும் 20 நிமிடத்தில் மனதில் நிற்க மாட்டார்கள். நால்வருக்கு மட்டும் ஆளுக்கொரு பிடிவாதம் வையுங்கள்.

ஊவாக்காற்று:
ஒன்று மட்டும் கவனம். அதில் புதியவர்களைச் சீண்டும் காட்சியை அப்படியே எடுத்துவராதீர்கள். நம் நாட்டில் பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். அதில் அடிபட்ட பிள்ளைகளும் உங்கள் படத்தைப் பார்ப்பார்கள், சிரிப்பு வராது. சீனியரும் தோற்கக்கூடிய பந்தயமாக மாற்றினால் பகை நீங்கி விளையாட்டு மிஞ்சும்.

வசனத்தைக் கமரா முன்னால் தேடவேண்டாம். லிங்க்லேட்டர் நடிகர்களைத் தன் பண்ணையில் ஒன்றாகத் தங்கவைத்து ஒத்திகை பார்த்தவர். நீங்கள் இரண்டு நாளாவது ஒரே வீட்டில் இருந்து சமைத்துச் சாப்பிடுங்கள், பேச்சு தானாக ஒன்றின்மேல் ஒன்று விழும்.

மலைமுகில்:
நன்றி அண்ணே. மைதானக் காட்சி மட்டும் ஹட்டனில். யூலையில் எடுக்கலாமா?

பெரட்டுக்களம்:
வேண்டாம் தம்பி. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஜனவரி முதல் மார்ச் வரைதான் தோது. அப்போதும் பின்னேரம் மூடுபனி இறங்கினால் முன் ஷொட்டோடு பின் ஷொட் ஒட்டாது, அதனால் காலையிலேயே முடித்துவிடுங்கள். குளிரில் இருந்த கமராவை அடுப்படிக்குள் கொண்டுபோனால் லென்சில் நீர் பூக்கும். வெளியிலேயே பொலித்தீன் பையில் இட்டு இறுகக் கட்டி, உள்ளே வந்து அரை மணித்தியாலம் விட்டுத் திறவுங்கள். தகரக் கூரையில் மழை விழுந்தால் வசனம் கேட்காது. மழை விட்டதும் அதே அறையில், அதே ஆட்களை வைத்துக் குரலை மட்டும் திரும்பப் பதியுங்கள்.