மட்டக்களப்பில் சைக்கிள் சுற்றுலா: வருபவர் யார், எதற்குப் பணம் கொடுப்பார்?

வாவிக்கரையான் (கேள்வி)

வணக்கம். கல்லடியில் ஆறு அறைகள் கொண்ட விருந்தினர் விடுதியொன்றை நடத்தி வருகிறேன். சென்ற பருவத்தில் தங்கிய ஜெர்மானியத் தம்பதியர், என் தம்பியின் சைக்கிளையும் பக்கத்து வீட்டுச் சைக்கிளையும் இரவல் வாங்கி, மண்முனைப் பாலம் கடந்து கொக்கட்டிச்சோலை வரை ஓடித் திரும்பியபின், இலங்கையில் தாங்கள் கழித்த மிகச் சிறந்த நாள் அதுவே என்றார்கள். அன்றிலிருந்து, பன்னிரண்டு வண்டிகள் வாங்கி ஐரோப்பியரை நேரடியாக வரவழைக்கும் எண்ணம் என்னை விடவில்லை. அலைச்சறுக்குக்கு அறுகம்பை இருப்பதுபோல் சைக்கிளுக்கு மட்டக்களப்பு ஏன் இருக்கக்கூடாது? கடன் எடுப்பதற்கு முன், அனுபவமுள்ளவர்கள் இந்தச் சந்தையை விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கச்சான்காற்று

தம்பி, வண்டி வாங்குவதைச் சற்று நிறுத்திவையுங்கள். சைக்கிள் பயணிகள் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். பந்தய வண்டியில் நாளுக்கு நூறு கிலோமீற்றர் ஓடுபவர் தன் வண்டியைப் பெட்டியில் அடைத்துத் தானே கொண்டுவருவார். அவர் தேடுவது ஏற்றம், நமது கரையோ தட்டை. உங்களிடம் வந்தவர்கள் வேறு வகை. முப்பது நாற்பது கிலோமீற்றர் மெதுவாக ஓடி, கோயிலிலும் வயல்வரம்பிலும் இறங்கி நின்று பார்க்க விரும்புபவர்கள். நமக்குரிய வாடிக்கையாளர் இவர்களே. இவர்களில் வயது கூடியவர்கள் பலர் மின் சைக்கிளுக்குப் பழகியிருக்கிறார்கள். 160 வாட் மணிக்கு மேற்பட்ட லித்தியம் மின்கலத்தைப் பயணிகள் விமானத்தில் கொண்டுவர முடியாது, மின் சைக்கிளின் மின்கலமோ பெரும்பாலும் 400ஐத் தாண்டும் என்பதால், அவர்களுக்கான வண்டி இங்கேயே இருந்தாக வேண்டும்.

சந்தையின் அளவைக் கண்டு மயங்கவும் வேண்டாம். ஐரோப்பாவின் சைக்கிள் சுற்றுலா ஆண்டுக்கு 44 பில்லியன் யூரோ பெறுமதியானது என்று ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்காக 2012இல் செய்யப்பட்ட ஆய்வு மதிப்பிட்டது. ஆனால் அதில் கணக்கிடப்பட்ட ஏறத்தாழ 230 கோடிப் பயணங்களில் இரவு தங்கியவை சுமார் 2 கோடி மட்டுமே. மற்றவை காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பியவை. அவ்வளவு தூரம் பறந்து வருபவர் இலங்கையைப் பார்க்கவே வருகிறார். இரண்டு வாரச் சுற்றில் சைக்கிளுக்கு இரண்டு மூன்று நாள் ஒதுக்குவார். அந்த நாட்களை விற்பவர் ஐரோப்பாவிலுள்ள பயண ஏற்பாட்டாளரும் அவருக்கு வேலைசெய்யும் கொழும்பு நிறுவனமும்தான். 2018 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதிப் பயண (பயணம், தங்குமிடம் போன்றவற்றை ஒன்றாகச் சேர்த்து விற்கும் சுற்றுலா) சட்ட விதிகளின்படி, இங்கே சேவையில் நேரும் குறைக்கு அந்த ஏற்பாட்டாளரே பொறுப்பு. ஆகையால் காப்புறுதி, தலைக்கவசம், முதலுதவி, பின்தொடரும் வாகனம் என்று ஒவ்வொன்றையும் கடதாசியில் கேட்பார்கள். முப்பது தடவைக்கு மேல் ஓடிய பாதையொன்றை ஒரு நிறுவனத்துக்கு விற்கும் வாய்ப்பை, மூன்றாந்தரப்புக் காப்புறுதிப் பத்திரம் கையில் இல்லாத ஒரே காரணத்தால் நான் இழந்தேன். இன்றும் அது எனக்கு வலிக்கிறது.

பருவத்தையும் கவனியுங்கள். அவர்கள் குளிரிலிருந்து தப்பிவரும் நவம்பர், டிசம்பர், ஜனவரி நமக்கு மாரி. நமக்கு வாய்ப்பது பெப்ரவரி முதல் ஏப்ரல் வரையும், அவர்களது பாடசாலை விடுமுறையான ஜூலை, ஓகஸ்டும்.

படுவான்கரைப் பெண்

அண்ணா சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வெயிலுக்குப் பயந்து விடியுமுன் புறப்படலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். வாவியின் மேற்குக் கரையிலுள்ள வெல்லாவெளிப் பக்கம் அது ஆபத்து. யானைகள் வயலிலிருந்து காட்டுக்குத் திரும்பும் நேரம் அது. ஆறரைக்குப் புறப்பட்டுப் பத்தரைக்குள் முடித்துவிட வேண்டும். எவ்வளவு தூரம் ஓடலாம் என்பதை இந்த நான்கு மணித்தியாலமே தீர்மானிக்கிறது.

ஜெர்மனியின் சைக்கிளோட்டிகள் சங்கம் விடுதிகளுக்கு அங்கீகாரம் வழங்கும்போது எதிர்பார்ப்பவை எளிமையானவை: ஓரிரவு மட்டும் தங்குபவரையும் ஏற்றல், வண்டியைப் பூட்டிவைக்க இடம், ஈர உடுப்பை உலர்த்த வசதி, வயிறு நிறையும் காலையுணவு, சிறு திருத்தத்துக்கான கருவிகள். இவற்றுக்குக் கடன் தேவையில்லை. எங்கள் ஊர்களில் சமைத்துக் கொடுக்கப் பெண்கள் இருக்கிறார்கள். பிட்டும் வாவி மீன்கறியும் எங்கள் முற்றத்தில் சாப்பிட்டு, அதற்குரிய பணத்தை எங்கள் கையிலேயே தரும்படி ஏற்பாடு செய்யுங்கள். படம் எடுப்பதற்கு மட்டும் எங்கள் ஊருக்கு ஆட்களைக் கூட்டிவர வேண்டாம்.

பொத்துவில் வாசி

அறுகம்பையில் தங்குபவர்களில், அலை இல்லாத நாளில் என்ன செய்வதென்று கேட்பவர்கள் உண்டு. அவர்களை வடக்கே அனுப்பலாம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்தத் திசையில் காற்று முகத்தில் அடிக்காது, பக்கவாட்டிலும் ஓரளவு பின்னாலும் வரும். ஆனால் அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை கடக்கும்வரை ஊரோடு ஊர் ஒட்டிய நெரிசல் வீதி. அந்தத் துண்டில் சைக்கிள்களை வான் வாகனத்தில் ஏற்றிவிடுங்கள்.

வாவிக்கரையான்

அனைவருக்கும் நன்றி. பன்னிரண்டு வேண்டாம், உயரமானவர்களுக்கும் பொருந்தும் பெரிய சட்டகமுள்ள நான்கு வண்டிகளோடு தொடங்குகிறேன். காப்புறுதியை அடுத்த வாரமே விசாரிக்கிறேன். பெப்ரவரி நடுப்பகுதியில், குருமண்வெளியில் பாதையில் (வாகனங்களையும் ஏற்றும் மிதவையில்) ஏறி வாவியைக் கடந்து, மண்டூர் வழியாகக் கொக்கட்டிச்சோலை வரை ஓடிப் பார்க்க எண்ணியிருக்கிறேன். அக்கா, அன்று நால்வருக்குக் காலைச் சாப்பாடு தர முடியுமா? விலையை நீங்களே சொல்லுங்கள்.