டால்பின் தெரிந்தால் சுறா வராது என்பது உண்மையா?

அமுதாவின் அம்மா, சாட்ஸ்வர்த்:
அனைவருக்கும் வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பன் கடற்கரைக்குப் போகும்போதெல்லாம், டால்பின் கூட்டம் கண்ணில் பட்டால் அந்தப் பக்கம் சுறா அண்டாது என்றும் பிள்ளைகளைத் தைரியமாக இறக்கலாம் என்றும் எங்கள் உறவினர் ஒருவர் சொல்லி வருகிறார். இதற்கு ஆதாரம் உண்டா? கரையில் நின்றபடியே முதுகுத் துடுப்பைப் பார்த்து எது எதுவென்று அறிய முடியுமா?

வலைக்காரர், உம்லங்கா:
அம்மா, அதை நம்பிப் பிள்ளைகளை இறக்கிவிடாதீர்கள். இரண்டும் பெரும்பாலும் ஒரே இரையைத் தேடி வருபவை என்பதால், ஒன்று இருக்கும் இடத்தில் மற்றதும் இருக்கலாம். குளிர்காலத்தில் மத்தி மீன் கூட்டம் கிழக்குக் கேப் பக்கமிருந்து நம் கரையோரமாக ஏறி வரும்போது, டால்பின்கள் அதை வளைத்து ஒடுக்கி மேல்மட்டத்துக்குத் தள்ளுகின்றன. அவை திரட்டிய அதே மீனுக்குள் சுறாக்களும் புகுந்து அள்ளுகின்றன. அந்த நாட்களில் நம் மாகாணத்தின் குவாசுலு-நேட்டால் சுறா வாரியம், குளிப்பவர்களின் பாதுகாப்புக்காகக் கடலில் போட்டிருக்கும் சுறா வலைகளை எடுத்துவிடுவதும், பின்தொடர்ந்து வரும் இவ்விரண்டும் மொத்தமாகச் சிக்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

டர்பனில் 1952 முதல் போடப்பட்டு வரும் அந்த வலை, பலர் எண்ணுவதுபோல் கரையை அடைக்கும் வேலி அன்று. துண்டு துண்டாக நிற்கும் அதன் அடியிலும் பக்கத்திலும் சுறா தாராளமாகக் கடந்து போகும். கரையோரம் திரியும் பெரிய சுறாக்களைப் பிடித்து எண்ணிக்கையைக் குறைப்பதே அதன் வேலை. நுரையீரலால் சுவாசிக்கும் பாலூட்டியாகிய டால்பின் அதில் மாட்டினால், மேலே வந்து மூச்சு வாங்க வழியின்றி இறக்கிறது. மீனாகிய சுறாவோ தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறுகிறது, ஏனெனில் பெரிய சுறாக்கள் பலவற்றுக்கு நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுள் வழியே போதிய நீர் ஓடும்.

தாமரின் தம்பி, மொரீஷியஸ்:
துடுப்பின் வடிவத்தை விட அது நகரும் விதத்தைப் பாருங்கள். டால்பினின் வால் கிடைமட்டமானது, மேலும் கீழுமாக அடிக்கும். ஆகவே முதுகு வளைந்து எழும், துடுப்பு தோன்றி உருண்டு மறையும், கூடவே ஊதுதுளையிலிருந்து மூச்சுப் பீறிடும் ஓசையும் கேட்கலாம். சுறாவின் வால் செங்குத்தானது, பக்கவாட்டில் வீசும். ஆகவே துடுப்பு ஏறி இறங்காமல் ஒரே மட்டத்தில் கிழித்துக்கொண்டு போகும், சில வேளை அதன் பின்னால் வால் நுனியும் இடம் வலமாக ஆடுவது தெரியும். ஆனால் சுறா மேலே வந்தே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை. துடுப்பு தெரியாததால் சுறா இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

அமுதாவின் அம்மா, சாட்ஸ்வர்த்:
மிக்க நன்றி. அப்படியானால், டால்பின் சுறாவை முட்டித் துரத்தும் என்பதும் கட்டுக்கதைதானா?

தீவுக்காரன், ரெயூனியன்:
முழுக்கக் கட்டுக்கதை என்று சொல்ல முடியாது, அக்கா. டால்பின்கள் கூட்டமாகச் சேர்ந்து சுறாவை விரட்டுவது உண்டு. ஆனால் வெள்ளைச் சுறா, புலிச் சுறா, காளைச் சுறா ஆகியவை டால்பினையே இரையாக்குபவை. குட்டிகளும் நோயுற்றவையும் எளிதில் அகப்படும், தப்பிய டால்பின்களின் உடலில் கடித்தழும்புகள் காணப்படுகின்றன. உங்கள் உறவினரின் கூற்று ஓர்கா ஒன்றுக்குத்தான் பொருந்தும். டால்பின் குடும்பத்திலேயே மிகப் பெரியதான அது, 2017இல் உங்கள் நாட்டின் கான்ஸ்பாய் கடலில் வெள்ளைச் சுறாக்களைக் கொன்று ஈரலைத் தின்றது. அதன் பிறகு அங்கே வெள்ளைச் சுறாக்களைக் காண்பதே அரிதாகிவிட்டது. பாவம், குளிப்பவர்களுக்கு ஓர்காவைத் துணைக்கு அழைத்து வர முடியாதே!

எங்கள் மேற்குக் கரையில் டால்பின்கள் வழக்கமாகத் திரிந்தும், சுறாத் தாக்குதல்களால் 2013இல் பவளத்திட்டுக்கு வெளியே கடலில் குளிக்கவும் அலைச்சறுக்கு விளையாடவும் அரசு தடை விதிக்க நேர்ந்தது. மழைக்குப் பின் கலங்கிய நீரிலும், ஆற்று முகத்துவாரத்திலும், அந்தி நேரத்திலும் இறங்காதீர்கள். மத்தி வரும் நாட்களில் டால்பின்களைக் கரையில் நின்றே காட்டுங்கள்.